கல் பட்டால் பெயிண்ட் தாங்குமா? வண்டி வைத்திருக்கும் வணிகர்கள் அறிய வேண்டிய ஒரு சோதனை



மளிகைக் கடைக்காரருக்கும் மோட்டார் வண்டியின் பெயிண்ட் சோதனைக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். இன்று நம்மில் பலரிடம் லோடு ஆட்டோவோ, குட்டியானையோ, வேனோ இருக்கிறது. மண்டிக்குப் போய்ச் சரக்கு எடுத்து வருவதும், சில்லறைக் கடைகளுக்கு லைன் போடுவதும் அந்த வண்டியை நம்பித்தான். கடைச் சரக்குக்கு அடுத்தபடியாக நாம் பெரும் முதல் போட்டிருப்பது வண்டியில். அதுவும் பெரும்பாலும் தவணைக் கடனில். அந்த முதலை மெல்ல மெல்லத் தின்பது துரு. அந்தத் துருவுக்கு வாசல் திறந்து விடுவது சாலையில் தெறிக்கும் ஒரு சிறு கல்.

எங்களுக்கு நேர்ந்ததை முதலில் சொல்லிவிடுகிறோம். எங்கள் கடை வேன் சில மாதங்கள் சாலைப் பணி நடந்த வழியாகத் தினமும் போய் வந்தது. ஜல்லி தெறித்து முன்பக்கத்திலும் சக்கர வளைவுகளிலும் புள்ளி புள்ளியாகப் பெயிண்ட் பெயர்ந்தது. மிளகு அளவுதானே என்று விட்டுவிட்டோம். தீபாவளிக்கு முன் வண்டி பார்க்க நன்றாக இருக்க வேண்டும் என்று ஒரு பட்டறையில் விட்டோம். அவர்கள் துருவைச் சுரண்டாமல் அதன் மேலேயே பெயிண்ட் அடித்துக் கொடுத்தார்கள். வண்டி பளபளவென்று வந்தது, நாங்களும் மகிழ்ந்தோம். இரண்டு மழைக்காலம் கழிந்தது. ஒரு நாள் மழையில் சரக்கு ஏற்றி வந்து இறக்கும்போது, பின்சக்கரத்தின் மேல் அடுக்கியிருந்த சர்க்கரை மூட்டைகள் மூன்று அடியில் நனைந்து பாகாய் ஒழுகின. கூரையில் ஒழுக்கு இல்லை. சக்கரம் வாரி அடித்த சேற்று நீர், தகட்டில் விழுந்த ஓட்டை வழியாக உள்ளே வந்திருந்தது. வேறொரு பட்டறையின் டிங்கர் மிஸ்திரி ஸ்குரூ டிரைவரால் ஒரு குத்து குத்தினார். அது உள்ளே போய்விட்டது. "அண்ணாச்சி, மேலே பெயிண்ட் இருக்கு, கீழே தகடு இல்லையே" என்றார்.

அந்த ஒரு வார்த்தையில்தான் இந்தப் பாடம் முழுவதும் அடங்கியிருக்கிறது. பெயிண்ட் எத்தனை இடத்தில் பெயர்ந்தது என்பதைக் காட்டிலும், எவ்வளவு ஆழத்திற்குப் பெயர்ந்தது என்பதே முக்கியம். வண்டி தயாரிப்பவர்கள் இதைச் சோதித்துப் பார்ப்பதற்கென்றே ஒரு முறை வைத்திருக்கிறார்கள். சல்லடையும் படியும் தராசும் பழகிய நமக்கு அது எளிதில் விளங்கும்.

சிறு கல் செய்யும் வேலை

முன்னால் போகும் வண்டியின் டயர் கல்லைக் கிளப்புகிறது. நம் வண்டி அதை நோக்கி விரைகிறது. இரண்டு வேகமும் சேர்ந்து கல் தகட்டில் மோதுகிறது. வேகம் இரட்டித்தால் அடியும் இரட்டிக்கும் என்று நாம் நினைப்போம். உண்மையில் மோதும் ஆற்றல் நான்கு மடங்காகும். மணிக்கு 40 கிலோமீட்டரில் படும் அடியைப் போல 80 கிலோமீட்டரில் படும் அடி நான்கு மடங்கு. ஊருக்குள் ஓடும் வண்டியைவிட நான்கு வழிச்சாலையில் ஓடும் வண்டியின் முகம் சீக்கிரம் புள்ளி விழுவது இதனால்தான்.

கல் படும் இடம் மிகச் சிறியது. அதன் கூர்முனை படும் புள்ளியில் பெயிண்ட் அமுங்குகிறது. அடியில் உள்ள தகடும் சற்றே குழிகிறது. உடனே தகடு நிமிர முயல்கிறது. இந்த அமுங்கல், நிமிரலோடு சேர்ந்து வளைந்து கொடுக்கும் பெயிண்ட் தப்பிக்கிறது. வளைந்து கொடுக்காத பெயிண்ட் சில்லாகப் பெயர்கிறது. ஆகவே கடினமான பெயிண்ட் எல்லாம் நல்ல பெயிண்ட் என்று சொல்ல முடியாது. கண்ணாடி கடினமானது, கல் பட்டால் உடைகிறது. ரப்பர் மெத்தென்றது, கல் பட்டால் தாங்குகிறது. நல்ல பெயிண்ட்டுக்கு இரண்டு குணமும் அளவோடு வேண்டும்.

பெயிண்ட் ஒரு பூச்சு அல்ல, பல அடுக்கு

வண்டியின் மேல் நாம் காணும் நிறம் கடைசி அடுக்கு மட்டுமே. தொழிற்சாலையில் பூசப்படும் காரின் தகட்டை எடுத்துக்கொண்டால், கீழிருந்து மேலாக இப்படி இருக்கும்.

முதலில் எஃகுத் தகடு. பல வண்டிகளில் இதன் மேல் துத்தநாகப் பூச்சும் உண்டு. அடுத்து பாஸ்பேட் என்னும் மிக மெல்லிய இரசாயனப் படிவு. பெயிண்ட் தகட்டைப் பற்றிக்கொள்ள இது உதவுகிறது. அதன் மேல் மின்முறைப் பூச்சு. வண்டியின் முழுக் கூட்டையும் பெயிண்ட் தொட்டியில் முக்கி, மின்சாரம் பாய்ச்சி, மூலை முடுக்கெல்லாம் படியச் செய்வார்கள். துருவைத் தடுக்கும் முக்கியக் காவல் இதுதான். இதன் கனம் சுமார் 20 மைக்ரான். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்கு வைத்தால் ஒரு பங்கு ஒரு மைக்ரான். அதற்கு மேல் பிரைமர். கல்லடியின் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள வேண்டிய மெத்தை இது. பிறகு நிறம். கடைசியாக நிறமற்ற பளபளப்புப் பூச்சு. எல்லாம் சேர்ந்து 100 முதல் 130 மைக்ரான் வரை இருக்கும். நம் தலைமுடி ஒன்றின் கனம் சுமார் 70 மைக்ரான். ஆகவே நம் வண்டியைக் காப்பது இரண்டு முடிக் கனத்துக்கும் குறைவான உறைதான்.

எல்லா வண்டியிலும் எல்லா அடுக்கும் இருப்பதில்லை. விலை குறைந்த சரக்கு வண்டிகளில் சில அடுக்குகளைச் சேர்த்தோ குறைத்தோ பூசுவதுண்டு. அதனால்தான் சோதனை அவசியமாகிறது.

சோதனை நடக்கும் விதம்

அமெரிக்காவின் மோட்டார் பொறியாளர் சங்கமான எஸ்.ஏ.இ. வகுத்த முறைக்கு ஜே400 என்று பெயர். இதையே ஒட்டிய மற்றொரு அமெரிக்க அளவுமுறை ஏ.எஸ்.டி.எம். டி3170. இதற்குப் பயன்படும் கருவியைக் கிராவலோமீட்டர் என்பார்கள். கிராவல் என்றால் நாம் சொல்லும் பொடி ஜல்லி, கூழாங்கல்.

முதலில் கல்லைத் தேர்வு செய்கிறார்கள். உடைத்த கருங்கல் கூடாது. நீரில் உருண்டு தேய்ந்த கூழாங்கல்லாக இருக்க வேண்டும். அதை இரண்டு சல்லடையில் சலிக்கிறார்கள். 16 மி.மீ. கண் உள்ள சல்லடையில் விழ வேண்டும், 9.5 மி.மீ. கண் உள்ள சல்லடையில் நிற்க வேண்டும். போடி ஏலக்காயை 8 எம்.எம்., 7 எம்.எம். என்று சலித்து ரகம் பிரிப்பதை அறிந்த நமக்கு இது புதிதல்ல. இப்படிப் பிரித்த கல்லைப் படியில் அளப்பது போல ஒரு பைன்ட் அளக்கிறார்கள். அது அரை லிட்டருக்குச் சற்று அதிகம். எண்ணிக்கையில் 250 முதல் 300 கல் வரை இருக்கும்.

சோதிக்க வேண்டிய பெயிண்ட்டை 4 அங்குல அகலமும் 12 அங்குல நீளமும் உள்ள தகட்டில் பூசி, காயவைத்து, கருவியின் பெட்டிக்குள் மாட்டுகிறார்கள். மில்லில் தானியம் கொட்டும் வாயைப் போன்ற ஒரு வாயில் கல்லைக் கொட்டுகிறார்கள். கம்ப்ரசரிலிருந்து 70 பவுண்டு காற்று சீறி வருகிறது. கார் டயருக்கு நாம் அடிக்கும் காற்றைப் போல இது ஏறக்குறைய இரண்டு மடங்கு. அந்தக் காற்றில் கல் முழுவதும் 7 முதல் 10 விநாடிக்குள் தகட்டின் மேல் வீசப்படுகிறது. சாலையில் பல மாதங்களில் படும் அடி இங்கே பத்து எண்ணுவதற்குள் பட்டுவிடுகிறது.

அடித்ததோடு வேலை முடியவில்லை. தகட்டைத் துடைத்து, அதன் மேல் அகலமான ஒட்டும் நாடாவை அழுத்தி ஒட்டிப் பிய்த்து எடுக்கிறார்கள். பிடிப்பு விட்டு, பெயராமல் ஒட்டிக்கொண்டிருக்கும் சில்லுகள் எல்லாம் நாடாவோடு வந்துவிடும். பார்வைக்கு நன்றாக இருந்தாலும் உள்ளே பிடிப்பு இல்லாத பெயிண்ட் இந்த இடத்தில் மாட்டிக்கொள்ளும். எங்கள் வேனுக்குத் தீபாவளிப் பெயிண்ட் அடித்த அன்று இப்படி ஒரு நாடா ஒட்டிப் பிய்த்திருந்தால் அன்றே உண்மை தெரிந்திருக்கும்.

கல்லின் அளவு, கல்லின் படி, காற்றின் அழுத்தம், நேரம், தகட்டின் அளவு ஆகிய ஐந்தையும் ஏன் இப்படிக் கட்டுப்படுத்துகிறார்கள்? நாம் தராசுக்கும் எடைக்கல்லுக்கும் முத்திரை போடுவது எதற்கோ அதற்குத்தான். ஆளுக்கு ஒரு கல் வைத்து நிறுத்தால் ஒருவர் கிலோவும் மற்றவர் கிலோவும் ஒன்றாகாது.

எண்ணும் முறை

பெயர்ந்த சில்லுகளை இரண்டு விதத்தில் கணக்கெடுக்கிறார்கள். முதலாவது எண்ணிக்கை. ஒரு சில்லும் இல்லாவிட்டால் 10 மதிப்பெண். ஒன்று இருந்தால் 9. இரண்டு முதல் நான்கு வரை 8. ஐந்து முதல் ஒன்பது வரை 7. பத்து முதல் 24 வரை 6. 25 முதல் 49 வரை 5. இப்படியே இறங்கி, 250க்கு மேல் போனால் சுழியம்.

இரண்டாவது சில்லின் அளவு. ஒரு மி.மீ.க்குக் குறைந்தது ஏ. ஒன்று முதல் 3 மி.மீ. வரை பி. மூன்று முதல் 6 மி.மீ. வரை சி. அதற்கும் மேல் டி. இரண்டையும் சேர்த்து 7-பி, 5-ஏ என்று எழுதுவார்கள். 7-பி என்றால் ஒன்று முதல் 3 மி.மீ. அளவில் ஐந்து முதல் ஒன்பது சில்லு பெயர்ந்திருக்கிறது என்று பொருள். முந்திரியை 240, 320 என்று எண்ணிக்கையால் ரகம் சொல்லிப் பழகிய நமக்கு இந்தக் குறியீடு சிரமம் தராது.

எந்த அடுக்கு பெயர்ந்தது?

இத்தோடு நிறுத்தியிருந்தால் இந்தச் சோதனை பாதிச் சோதனைதான். மூன்றாவதாக ஒன்றையும் குறிக்கச் சொல்கிறார்கள். எந்த இடத்தில் பிரிந்தது என்பதே அது. மேல் நிறம் மட்டும் சிதைந்ததா? நிறமும் பிரைமரும் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்ததா? பிரைமரே பிளந்ததா? அல்லது தகட்டைவிட்டு எல்லாமே கழன்றதா? ஒவ்வொன்றுக்கும் தனி எழுத்துக் குறி உண்டு.

இதன் அருமையை ஓர் உதாரணத்தால் பார்ப்போம். இரண்டு தகடுகளைச் சோதித்ததாக வைத்துக்கொள்வோம். முதல் தகட்டில் முப்பது சிறு சில்லுகள், மதிப்பெண் 5-ஏ. ஆனால் எல்லாம் மேல் நிறத்தோடு நின்றுவிட்டன. இரண்டாவது தகட்டில் மூன்றே சில்லுகள், மதிப்பெண் 8-பி. ஆனால் மூன்றிலும் எஃகு பளிச்சென்று தெரிகிறது. மதிப்பெண்ணை மட்டும் பார்த்தால் இரண்டாவதுதான் உயர்ந்தது. வண்டிக்கு எது நல்லது? முதல் தகடு அழகு கெட்டு நிற்கும், துருப்பிடிக்காது. இரண்டாவது தகடு அழகாக நிற்கும். மூன்று இடத்தில் துரு நுழையும். நுழைந்த துரு அங்கேயே நிற்காமல், பெயிண்ட்டுக்கு அடியில் நான்கு பக்கமும் ஊர்ந்து போகும். மேலே ஒரு கொப்புளம் தெரியும்போது உள்ளே அதைவிட அதிக இடம் போயிருக்கும்.

ஆகவே நல்ல பெயிண்ட் அமைப்பைச் செய்கிறவர்கள் கல் படவே கூடாது என்று பார்ப்பதில்லை. பட்டால் உடைவது மேலடுக்கோடு நிற்க வேண்டும், மின்முறைப் பூச்சு தகட்டைவிட்டுக் கழலக் கூடாது என்று திட்டமிடுகிறார்கள். வியாபாரத்திலும் அப்படித்தான். நஷ்டமே வராத வியாபாரம் கிடையாது. வரும் நஷ்டம் லாபத்தோடு நிற்க வேண்டும், முதலைத் தொடக் கூடாது.

ஐரோப்பிய முறை

உலகத் தர அமைப்பின் ஐ.எஸ்.ஓ. 20567-1 என்னும் முறை 2005இல் வந்து 2017இல் திருத்தப்பட்டது. ஐரோப்பிய நிறுவனங்கள் பெரும்பாலும் இந்த வழியில் சோதிக்கின்றன. இதில் கூழாங்கல்லுக்குப் பதில், ஏறக்குறைய 4 முதல் 5 மி.மீ. அளவுள்ள கூர்மையான வார்ப்பிரும்புத் துணுக்குகளை வீசுகிறார்கள். 500 கிராம் வீதம் இரண்டு தடவை. தகடு நேராக நில்லாமல், 54 டிகிரி கோணத்தில் அடி வாங்கும்படி சாய்த்து வைக்கப்படுகிறது. சாலையில் பானெட்டின் மேல் கல் சாய்வாகப் படுவதை இது ஒத்திருக்கிறது. சில்லுகளை எண்ணுவதற்குப் பதில், தகட்டின் மொத்தப் பரப்பில் எவ்வளவு சேதமாயிற்று என்பதை மாதிரிப் படங்களோடு ஒப்பிட்டு மதிப்பிடுகிறார்கள். மிகக் குறைந்த சேதம் 0.5, மிக அதிகம் 5.

இங்கே ஒரு எச்சரிக்கை. அமெரிக்க முறையில் எண் கூடக் கூட நல்லது. ஐ.எஸ்.ஓ. முறையில் எண் குறையக் குறைய நல்லது. ஒரு விளம்பரத்தாளில் "கல்லடிச் சோதனையில் 5" என்று மட்டும் போட்டிருந்தால் அது எதையும் சொல்லவில்லை. எந்த முறை என்று கேட்ட பிறகுதான் அந்த எண்ணுக்குப் பொருள். 240 முந்திரி பெரிது, 320 முந்திரி சிறிது என்பது தெரியாதவரிடம் எண்ணை மட்டும் சொல்லி விற்றால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியும்.

குளிரும் உப்பும்

ஜே400 சோதனையைச் சாதாரண வெப்பத்திலும் செய்கிறார்கள். தகட்டைச் சுழியத்துக்குக் கீழே 29 டிகிரி வரை குளிரவைத்தும் செய்கிறார்கள். நம் கடை ஐஸ்கிரீம் பெட்டி சுமார் சுழியத்துக்குக் கீழே 18 டிகிரி. அதைவிடக் கடுங்குளிர் இது. காரணம், அமெரிக்காவின் வடபகுதியிலும் கனடாவிலும் குளிர்காலம் அப்படிப்பட்டது. குளிரில் பெயிண்ட் விறைத்துக் கண்ணாடிபோல் ஆகிவிடும். அதே கல் அதிகச் சில்லைப் பெயர்க்கும். போதாக்குறைக்குப் பனி உறைந்த சாலையில் டயர் வழுக்காமல் இருக்க மணலும் பொடிக்கல்லும் தூவுகிறார்கள். பனி உருக உப்பும் கொட்டுகிறார்கள். கல் வழி திறக்கிறது, உப்பு உள்ளே போகிறது. இந்தச் சோதனை அங்கே இவ்வளவு முக்கியத்துவம் பெற்றதற்கு அதுவே காரணம்.

அதனால் சில நிறுவனங்கள் கல்லடித்த தகட்டை அப்படியே உப்புநீர்த் தூவல் அறையில் வைத்து, துரு எவ்வளவு தூரம் ஊர்கிறது என்று அளக்கின்றன. வழக்கமான உப்புநீர்த் தூவல் சோதனையில் நூற்றுக்கு 5 பங்கு உப்பு கலந்த நீரை 35 டிகிரி வெப்பத்தில் பனிபோல் தூவுவார்கள். கல்லடி, உப்புத் தூவல் இரண்டையும் அடுத்தடுத்துத் தாங்கும் பெயிண்ட்தான் உண்மையில் தேறிய பெயிண்ட்.

நம் ஊரில் அந்தக் குளிர் இல்லை. ஆனால் உப்புக்குக் குறைவில்லை. தூத்துக்குடி, நாகப்பட்டினம், இராமேசுவரம் போன்ற கடலோர ஊர்களின் காற்றிலேயே உப்பு இருக்கிறது. உப்பு மூட்டையும் கருவாடும் ஏற்றுகிற வண்டிக்கு உள்ளேயும் உப்பு. வெயில் பெயிண்ட்டை ஆண்டுக்கு ஆண்டு வறட்டி, வளையும் குணத்தைக் குறைக்கிறது. மழைக்காலத்தில் சக்கர வளைவில் சேறு அப்பி, வாரக்கணக்கில் ஈரம் காயாமல் கிடக்கிறது. அங்கே உப்புநீர் அறை செய்யும் வேலையை இங்கே இவை செய்கின்றன.

சோதனையின் எல்லை

எந்தச் சோதனைக்கும் எல்லை உண்டு. சோதனைத் தகடு தட்டையானது, புதியது. வண்டி வளைவுகள் நிறைந்தது, வெயிலில் நின்றது. ஒரே பெயிண்ட்டை இரண்டு ஆய்வகங்களில் சோதித்தால் மதிப்பெண் சற்று மாறும். கல்லும் அடிக்க அடிக்கத் தேயும். ஆகவே தேர்ந்தவர்கள் ஒரு தகட்டை மட்டும் சோதித்து முடிவு சொல்வதில்லை. குணம் முன்பே தெரிந்த ஒரு தகட்டையும் பக்கத்தில் வைத்து, இரண்டையும் ஒரே நாளில் அடித்து ஒப்பிடுகிறார்கள். மண்டியில் மாதிரிப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, வந்த மூட்டையோடு ஒப்பிட்டுச் சரக்கு இறக்கும் அதே பழக்கம்தான்.

நம் வண்டிக்கு நாம் செய்ய வேண்டியவை

நம்மிடம் கிராவலோமீட்டர் இல்லை, தேவையும் இல்லை. சாலையே தினமும் அந்தச் சோதனையை நடத்துகிறது. முடிவைப் படிக்கத் தெரிந்தால் போதும்.

1. மாதம் ஒரு முறை வண்டியைக் கழுவிக் காயவைத்து, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். முன்முகம், கண்ணாடிக்குக் கீழ் விளிம்பு, கதவின் அடிப்பகுதி, நான்கு சக்கர வளைவுகள், சரக்குத் தட்டின் விளிம்பு ஆகியவை முக்கியம்.

2. சில்லைக் கண்டால் அதன் நிறத்தைப் பாருங்கள். உள்ளே சாம்பலோ வேறு நிறமோ மங்கலாகத் தெரிந்தால் பிரைமரோ மின்முறைப் பூச்சோ இன்னும் இருக்கிறது; அவசரம் இல்லை. வெள்ளியாகப் பளிச்சிட்டால் தகடு வெளிப்பட்டுவிட்டது. அந்த வாரமே அடைக்க வேண்டும். பழுப்பாக இருந்தால் துரு தொடங்கிவிட்டது. பிளாஸ்டிக் பம்பரில் விழுந்த சில்லுக்குக் கவலை வேண்டாம், அது துருப்பிடிக்காது.

3. அடைக்கும்போது வரிசை தவறக் கூடாது. துருவை உப்புத்தாளால் தகடு வெளுக்கும் வரை தேய்க்க வேண்டும். துடைத்து, நன்றாகக் காய விட வேண்டும். இரும்புக்கான பிரைமர் ஒரு கை மெல்லியதாக வைக்க வேண்டும். அது காய்ந்த பிறகே நிறம். துருவின் மேல் நேராக நிறம் அடிப்பது பூச்சி விழுந்த பருப்பின் மேல் நல்ல பருப்பைப் பரப்பி வைப்பது போன்றது.

4. பட்டறையில் விடும்போது பேரம் பேசுவதற்கு முன் வேலையைப் பேசுங்கள். துரு முழுவதும் எடுக்கப்படுமா, பிரைமர் எது, பட்டி எவ்வளவு கனம் என்று கேளுங்கள். முடிந்தால் நிறம் அடிப்பதற்கு முன் ஒரு நடை போய்ப் பாருங்கள். பட்டி கனமாக வைத்த இடம் கல்லடியில் பாளமாகப் பெயரும்.

5. பழைய வண்டி வாங்கும்போது ஒரு சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, கதவு, சக்கர வளைவுகளில் வைத்துப் பாருங்கள். ஓரிடத்தில் பிடித்து மற்றோரிடத்தில் பிடிக்காமல் நழுவினால், நழுவும் இடத்தில் தகட்டுக்கு மேல் கனமான பட்டி இருக்கலாம். பிளாஸ்டிக் பாகத்தில் காந்தம் பிடிக்காது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

6. நான்கு சக்கரத்துக்கும் மட் பிளாப் இருக்கட்டும். கிழிந்தால் உடனே மாற்றுங்கள். நம் டயர் கிளப்பும் கல் நம் வண்டியையும் அடிக்கிறது, பின்னால் வருகிறவரையும் அடிக்கிறது. ஜல்லி லாரிக்குப் பின்னால் ஒட்டிப் போக வேண்டாம் என்று ஓட்டுநரிடம் சொல்லி வையுங்கள்.

7. கடைப் பெயர்ப் பலகை மாட்டவும், உள்ளே அடுக்கு வைக்கவும் தகட்டில் துளை போட்டால், துளையின் ஓரத்தில் பிரைமர் தடவாமல் திருகாணி முடுக்காதீர்கள். கல் செய்யும் காயத்தை நாமே செய்வது அது.

8. பெயர்ந்த இடத்தில் வாட்டர் சர்வீஸ்காரர் நீர்க்குழாயைக் கிட்டே வைத்துப் பீச்ச விடாதீர்கள். சோதனையில் நாடா செய்யும் வேலையை அந்த நீர் செய்து, ஓரத்தையும் சேர்த்துக் கிளப்பிவிடும்.

9. செராமிக் கோட்டிங் அடித்தால் கல்லே தாக்காது என்று சொல்கிறவர்கள் உண்டு. அது சில மைக்ரான் கனமே உள்ள பூச்சு. அழுக்கு ஒட்டாமலும் பளபளப்பாகவும் இருக்க உதவும். கல்லடியைத் தாங்கக் கனமும் வளையும் குணமும் வேண்டும். சற்றுக் கனமான ஒளிபுகும் பாலியூரித்தேன் படலம் ஒட்டினால் ஓரளவு தாங்கும். ஆனால் சரக்கு வண்டிக்கு அந்தச் செலவு கட்டுமா என்று கணக்குப் பார்த்துச் செய்யுங்கள்.

10. புது வண்டி வாங்கும்போது துரு உத்தரவாதத்தை முழுவதும் படியுங்கள். தகடு ஓட்டை விழுவதற்கு மட்டும் பொறுப்பா, மேல் துருவுக்கும் உண்டா என்று பாருங்கள். கல்லடியால் வந்த சேதத்துக்குப் பொறுப்பில்லை என்று பல நிறுவனங்கள் எழுதி வைக்கின்றன. அப்படியிருந்தால் சில்லை அடைக்கும் பொறுப்பு முதல் நாளிலிருந்தே நம்முடையது.

முடிவாக

எங்கள் வேனுக்குப் பின்னால் தகடு வெட்டி வைத்துப் பற்றவைத்தோம். மூன்று நாள் வண்டி ஓடவில்லை. வாடகை வண்டி வைத்துச் சரக்கு எடுத்தோம். நனைந்த சர்க்கரையின் விலை, டிங்கர் கூலி, வாடகை எல்லாவற்றையும் கூட்டி நோட்டில் எழுதியபோது, தொடக்கத்திலேயே ஒரு சிறு டப்பா பிரைமரும் ஓர் உப்புத்தாளும் வாங்கியிருந்தால் போதுமே என்றுதான் தோன்றியது. இப்போது எங்கள் கடையில் அந்த டப்பா கல்லாப் பெட்டிக்குக் கீழே இருக்கிறது. மாதக் கடைசியில் இருப்பு எடுக்கும் அன்றே வண்டியையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிடுகிறோம்.

வண்டியில் புள்ளி விழுவதை யாராலும் தடுக்க முடியாது. விழுந்த புள்ளி எந்த அடுக்கோடு நிற்கிறது என்று பார்ப்பதும், தகட்டைத் தொட்டிருந்தால் அந்த வாரமே அடைப்பதும் நம் கையில்தான் இருக்கின்றன. இந்த மாத இருப்பு எடுக்கும்போது உங்கள் வண்டியின் சக்கர வளைவுகளையும் ஒரு முறை குனிந்து பாருங்கள்.